அம்பத்தூர் கைமணிக் குழுவும் நான் கொடுத்த வாக்கும்

1

மணிகள் என் கைக்கு வருவதற்கு முன்பே அம்பத்தூரில் என்னை அறியாதவர் குறைவு. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய பட்டதாரி. ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றவன். மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பாடத்திற்கு முழுப் பொறுப்பாளன். ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவன். மாலையில் நான் குடையுடன் நடந்து வந்தால், எதிரே சைக்கிளில் வருகிறவர் இறங்கி நின்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மீண்டும் ஏறுவார். இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. இக்குறிப்புகளின் முடிவில் ஒரு கூற்றை மறுக்கப்போகிறேன். மறுப்பவன் யார் என்பது வாசகருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி ஆலைகளின் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் ஓர் ஊரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். பகலில் பள்ளியில் கணிதம். வாரத்தில் இரு மாலைகள், பலர் ஆளுக்கு இரண்டு மணி ஏந்திச் சேர்ந்து வாசிக்கும் கைமணி. ஒரு குழு பள்ளி மாணவருடையது. மற்றொன்று ஊர்ப் பொதுமன்றத்தில் கூடுவது; ஆலையில் ஓய்வு பெற்ற கிழவர்களும், பேருந்து நடத்துநரான ஒரு பஞ்சாபியரும், ரொட்டிக் கடைக்கார அம்மையாரும் அதில் உண்டு. இரண்டையும் நானே தொடங்கினேன். கைமணி என்பது இந்த நாட்டிலேயே பிறந்த கலை. அதை இந்த நாட்டவருக்குக் கற்றுக்கொடுக்க அம்பத்தூரிலிருந்து ஒருவன் வர வேண்டியிருந்தது.

சென்ற மாதம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிற்றாலயத்தில் வாசிக்க எங்கள் பள்ளிக் குழுவை அழைத்திருந்தார்கள். பிள்ளைகள் மணிகளைத் தோளில் சாய்த்து ஏந்தி நிற்க, நான் வலக்கையை உயர்த்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து அந்த ஆலயக் கூட்டத்தின் தலைவர் எழுந்து என்னை அறிமுகம் செய்தார்.

"நண்பர்களே, மதராஸ் நகருக்கு வெளியே, இருள் சூழ்ந்த ஒரு பகுதியில், இந்த மணிகளைக் கொண்டே பன்னிரண்டு இந்துக்களைக் கிறிஸ்துவிடம் அழைத்துவந்த மனிதர் இவர்."

கைதட்டல் எழுந்தது. உயர்ந்த என் கை உயர்ந்தபடியே நின்றது. குழு மணியேந்தி நிற்கையில் நடத்துபவன் வாய் திறக்கக் கூடாது என்பது நானே வகுத்த விதி. அன்று அந்த விதி என் கழுத்தைப் பிடித்தது. வாசித்து முடித்துத் தேநீருக்குப் போனதும் தலைவரிடம் சென்று, அவர் சொன்னது உண்மையல்ல என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "இந்தியர்களின் அடக்கம் எனக்குத் தெரியும், ஐயா" என்றார். மதராஸிலிருந்து நிதி திரட்ட வந்த பேச்சாளர் ஒருவர் இதை மேடையில் சொன்னாராம். அடுத்த மாதம் தங்கள் இதழில் அச்சிடப் போகிறார்களாம். சில படிகள் மதராஸுக்கும் போகுமாம்.

திரும்பி வரும் பேருந்தில் என் மகள் மெர்சி பக்கத்தில் அமர்ந்திருந்தாள். அவளும் குழுவில் ஒருத்தி. அவளுடைய தமிழ் இப்போது சோற்றுக்கும் சண்டைக்கும் மட்டுமே பயன்படுகிறது, மற்றெல்லாம் ஆங்கிலம்.

"அவர் உங்களைப் புகழ்ந்தார், அப்பா. பேசாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்?" என்றாள்.

யாருக்கு நஷ்டம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2

எங்கள் பள்ளியின் பழம்பொருள் அறையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் ஒன்றைவிட ஒன்று சிறிதாக இருபது பித்தளை நிற மணிகள். ஒவ்வொன்றிலும் தோல்வாரால் செய்த பிடி. பிடியில் ஓர் ஆங்கில எழுத்து. பணி முடிந்து தாய்நாடு திரும்பிய ஓர் ஆங்கில அம்மையார் விட்டுச் சென்றவை. அவர் கப்பலேறிய பிறகுதான் நான் அப்பள்ளியில் சேர்ந்தேன். ஆகவே அவர் எனக்குக் கற்பித்தார் என்று யாரேனும் சொன்னால் அதுவும் தவறு. அவரை நான் கண்டதே இல்லை. மேலைநாட்டுச் சுரக்குறிப்பு எனக்குக் கல்லூரிப் பாடகர் குழுவில் பழக்கமானது. எஞ்சியதை நானே கண்டுபிடித்தேன்.

பத்துப் பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மணி. ஆலயப் பாடகரிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தேன். அதற்குமேல் தாளம் தவறாதவர் அங்கே இல்லை. தொழிற்பேட்டைத் தொழிலாளருக்காக நான் நடத்திய மாலைக் கணக்கு வகுப்பிலிருந்து மூவரை எடுத்தேன். அவர்களில் கன்னியப்பன் என்பவர் லேத் ஓட்டுபவர். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வருவார். பத்தாவது ஆள் எங்கள் பள்ளித் தையல் ஆசிரியை சரசுவதி. இந்த நால்வரும் இந்துக்கள். அவர்களைத் தேர்ந்தபோது நான் பார்த்தது கையையும் காதையும்தான்.

சுரக்குறிப்பு அறியாதவர்களுக்காகப் பாட்டைக் கரும்பலகையில் எண்களாக எழுதினேன். மணிக்கொரு எண். தன் எண் வரும்போது ஒலிக்க வேண்டும். மற்ற நேரம் மார்போடு அணைத்து அடக்க வேண்டும்.

கன்னியப்பன் முதல் நாளே கேட்டார். "இன்னா சார் இது? பத்துப் பேரு சேந்து ஒரு பாட்டா? என் கைல ரெண்டே ரெண்டு சத்தந்தான் கீது. பாட்டு யாரு கைல கீது?"

"யார் கையிலும் இல்லை. அதுதான் இதில் விசேஷம்" என்றேன்.

"அப்ப ஒருத்தன் நைட் ஷிப்டு பூட்டான்னா?"

"பாட்டில் ஓட்டை விழும்."

"நல்ல வேலைக்குத்தான் வந்து மாட்டிகினோம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் மறுநாள் சரியான நேரத்துக்கு வந்தார்.

அந்த வாரம் ஒன்று நடந்தது. மணியை அடக்கும் முறையைக் கன்னியப்பனுக்குப் பழக்குவதற்காக, ஆகப் பெரிய மணியை ஒருமுறை ஒலிக்கச் சொல்லி, நீண்ட இடைவெளி விட்டு, மறுபடி ஒலிக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் பள்ளி வாயிலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒற்றை மணி விட்டுவிட்டு ஒலித்தால் எங்கள் பகுதியில் அதற்கு ஒரே பொருள். ஒரு பெரியவர் மாலையே வாங்கி வந்துவிட்டார்.

"யாருபா பூட்டாங்க? பெரிய வாத்தியாரா?" என்று ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

கன்னியப்பன் மணியோடு வெளியே போனார். "யாரும் பூடல. நான்தான் கத்துகினு கீறேன்."

"ஏன்டா, கத்துக்கறதுக்கு வேற சத்தம் கெடைக்கலியா உனுக்கு? நான் அடுப்புல சோத்த வெச்சிட்டு ஓடியாந்தேன்."

மாலை வாங்கி வந்த பெரியவர் அதைத் திரும்ப எடுத்துப் போக மனமில்லாமல் பெரிய மணிக்கே சூட்டிவிட்டுப் போனார். அன்றே ஒரு விதி செய்தேன்: தனி மணியாக எதையும் ஒலிக்கக் கூடாது, குறைந்தது இரண்டு மணிகள் சேர்ந்து ஒலிக்க வேண்டும். இங்கிலாந்திலும் அந்த விதியை நான் தளர்த்தவில்லை. ஏன் என்று இங்குள்ளவர்கள் கேட்பார்கள். ஒலி ஒன்றோடொன்று இசைந்து பழகுவதற்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

3

சரசுவதியின் தந்தை பாரிவாக்கத்தில் ஓர் அம்மன் கோயில் பூசாரி. பெண் மணிக்குழுவில் சேர்ந்த செய்தி ஊருக்குள் வேறு வடிவத்தில் போயிருந்தது. மிஷன் பள்ளியில் மணி அடிக்கச் சொல்லி ஆட்களைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். சரசுவதி இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நானே பாரிவாக்கம் போனேன்.

பூசாரி கோயிலுக்குப் பின்புறம் விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, ஆனால் உட்காரப் பலகை எடுத்துப் போட்டார்.

"வாங்க வாத்தியாரே. இங்க நான் ஆட்டாத மணியா, என் பொண்ணு அங்க வந்து ஆட்டணும்?"

"அது பூசை மணி இல்லை, ஐயா. பாட்டு வாசிக்கிற மணி."

"பாட்டு சரி. பாட்டுக்குப் பின்னால இன்னா கீது? இன்னிக்கி மணி. நாளைக்கி பொஸ்தகம். அப்பால பேரு மாத்திகினு வந்து நிக்கும். மாங்காட்டுல சம்பந்தம் பேசிகினு கீறோம் வாத்தியாரே. அவுங்க காதுல இது மாதிரி ஒண்ணு வுழுந்துட்ச்சுன்னா, பொண்ணு ஆயுசுக்கும் என் ஊட்டோடதான்."

"உங்கள் பெண் எப்படி வருகிறதோ அப்படியே திரும்பி வரும். இது என் வாக்கு" என்றேன்.

அவர் விளக்கைக் கவிழ்த்து வைத்தார். "வாக்கு குடுக்கறது சுளுவு. எங்க ஆத்தா முன்னால நின்னு குடுப்பீங்களா?"

"அது என்னால் முடியாது. என் ஆண்டவர் முன்னால் கொடுக்கிறேன். போதாதா?"

அவர் அடுத்த விளக்கைக் கையில் எடுத்தார். "நீங்க தப்பினா அவரு கேப்பாரா?"

"கேட்பார்."

"அப்ப போதும். இன்னொண்ணு. அந்த மணிக்குத் தோலு புடி போட்டுகீதாமே. அது வெளக்கு தொடற கை. தோலு வாணாம்."

தோலில்லாமல் அந்த மணிகளைப் பிடிக்க முடியாது. சரசுவதியே வழி கண்டார். தையல் வகுப்பில் மிஞ்சிய நீலத் துணியில் பிடிகளுக்கு உறை தைத்து மாட்டினார். வியர்வையில் தோல் வழுக்கித் தவித்த மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கும் கேட்டார்கள். ஒரே வாரத்தில் இருபது மணிகளும் நீல உறை அணிந்தன. இங்கே என் பிள்ளைகளின் மணிகளுக்கும் நீல உறைதான்.

மற்றொரு உண்மையும் சொல்ல வேண்டும். பூசையில் மணி இடக்கையில், தீபம் வலக்கையில். சிறு வயதிலிருந்து தந்தைக்குத் துணை நின்ற சரசுவதிக்கு இடக்கை எங்கள் எல்லோரையும்விட உறுதி. கைமணி பழகுபவர் எல்லோரும் தடுமாறுவது இடக்கையில்தான். ஆகவே பாட்டின் உச்சத்தில் வரும் இரண்டு மணிகளை அவருக்குக் கொடுத்தேன்.

4

இந்த நாட்டு அலுவலகங்களைப் பற்றி ஒரு சொல். என் பட்டத்தை ஒப்புக்கொள்ளவே மாதக்கணக்கில் ஆயிற்று. அதன்பின் பள்ளியில் கைமணி கற்பிக்க அனுமதி கேட்டபோது, அதற்குரிய சான்றிதழ் எங்கே என்றார்கள். அப்படியொரு சான்றிதழை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். விசாரித்துவிட்டு, யாரும் கொடுப்பதில்லை என்றார்கள். இல்லாத சான்றிதழைத் தராததற்காக விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது. வந்து கேளுங்கள் என்றேன். ஓர் ஆய்வாளர் வந்தார். எண்களால் நிரம்பிய என் கரும்பலகையைப் பார்த்து முகம் சுளித்தார். அப்போது பொதுமன்றக் குழுவிலுள்ள ஆர்தர் என்னும் முதியவர், தம் பாட்டனாரும் ஆலைத் தொழிலாளருக்கு இப்படி எண் போட்டுத்தான் கற்பித்தார் என்றார். ஆய்வாளர் உடனே முகம் மலர்ந்து, அந்த மரபை நான் எங்கே கற்றேன் என்று கேட்டார்.

"அம்பத்தூரில்" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டு, எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டினேன்.

மெர்சி இங்கே வாசிப்பது சரசுவதி வாசித்த அதே இரு சுரங்கள். சரசுவதி யாரென்று சென்ற மாதம் வரை அவளுக்குத் தெரியாது. அம்பத்தூரை விட்டபோது அவள் சிறுமி. 'அப்பா சாப்பிட்டுது' என்று சொல்லிவிட்டு, அதில் என்ன தவறு என்று தாயிடம் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டாள். ஆனால் தன் முறை வரும்போது ஒரு முறையும் அவள் பிந்தியதில்லை. அதை என் தமிழாகவே கருதி ஆறுதல் கொள்கிறேன்.

5

கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிப்பதென்று முடிவாகி, பாட்டும் கைக்கு வந்த பிறகு, சபைக் குழு என்னை அழைத்தது. செயலாளர் ஞானமுத்து ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

"சார், நான் ஒண்ணும் கடுமையாச் சொல்லலை. கர்த்தருடைய மேஜைக்கு முன்னால நிக்கிறவங்க சபையாரா இருக்கணும். அவ்வளவுதான். அந்த நாலு பேரையும் ஞானஸ்நான ஆயத்த வகுப்புல சேத்துருங்க. சும்மா வந்து உக்காரட்டும். பண்டிகை முடிஞ்சப்புறம் யாரு கேக்கப்போறா?"

"சேராவிட்டால்?"

"சபைப் பிள்ளைங்க ஆறு பேரு இருக்காங்கள்ளா? அவங்க போதும்."

இதைக் குழுவினரிடம் வந்து சொன்னேன். கன்னியப்பனுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

"இன்னா சார், போய் உக்கார்றது தானே? உங்க கணக்கு வகுப்புல எவ்ளோ நாளா உக்காந்துகினு கீறேன். கணக்கு வந்துட்ச்சா எனுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். சரசுவதி மட்டும் சிரிக்கவில்லை. உறை மாட்டிய மணிகளை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"சார், அப்பா கிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

பதில் அவருக்கே தெரியும். வகுப்பில் பெயரைக் கொடுத்தால், பெயருக்காகத்தான் என்றாலும், அந்தச் செய்தி மாங்காட்டை அடைய ஒருநாள் போதும். அவரை விலக்கினால் பாட்டு இல்லை. அதுவரை பல மாதம் உழைத்ததும் இல்லை. நான் கொடுத்த வாக்கும் நான் கட்டிய குழுவும் ஒரே தராசின் இரு தட்டுகளாயின.

மறுநாள் மாலை சபைக் குழுவைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தேன். சபையாரைக் கொண்டு மட்டும் வாசிக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஆறு பேர் நின்றார்கள். மற்ற நால்வரின் மணிகளும் அவரவர் இடத்தில் மேசைமேல் கிடந்தன. எல்லோருக்கும் குழந்தைப் பருவம் முதல் மனப்பாடமான ஒரு கிறிஸ்து பிறப்புப் பாட்டு. அதை முதலிலிருந்து தொடங்கினோம். இல்லாதவரின் எண் வந்த இடங்களில் நான் கையசைப்பை நிறுத்தாமல் அந்த நேரத்தை வெறுமையாகவே கடந்துபோக விட்டேன்.

முதல் அடி முழுதும் பெரியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் அடியில் ஒருவருடைய பாதம் தாளம் போடத் தொடங்கிற்று. மூன்றாம் அடியில், பாட்டு ஏறி உச்சத்தைத் தொட வேண்டிய இடத்தில், மேசை மௌனமாயிற்று. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், தம்மை அறியாமலே ஒருவர் அந்தச் சுரத்தை வாய்விட்டுப் பாடினார். பாடியவர் ஞானமுத்து.

நான் கையை இறக்கினேன்.

"ஐயா, இப்போது நீங்கள் பாடியது சரசுவதியின் மணி" என்றேன்.

ஞானமுத்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பலர் முன்னால் தோற்றுப் பழக்கமில்லாதவர் அவர்.

"ஆலயத்துக்குள்ள கூடாதுன்னுதான் சார் நான் சொன்னேன்" என்றார். "ஆலயத்துக்கு வெளியே கூடாதுன்னு எப்போ சொன்னேன்?"

6

ஆகவே பண்டிகை மாலையில் ஆலயத்துக்கு வெளியே, பள்ளி மைதானத்தில், மேசைகளின் மேல் கம்பளி விரித்து வாசித்தோம். வெளியே என்றானதால் யாரும் வரலாம் என்றாயிற்று. சபையார் முன்னால், தொழிற்பேட்டை ஆட்கள் பின்னால், அவர்களுக்கும் பின்னால் பாரிவாக்கத்துப் பெண்கள். முதல் மணிகள் ஒலித்ததுமே அப்பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 'கற்பூரத் தட்டு எப்பக்கா வரும்?' என்று ஒருத்தி கேட்டது எனக்கே கேட்டது. ஞானமுத்து திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டு ஏறிற்று. உச்சத்தில் சரசுவதியின் இடக்கை எழுந்தது. அந்த ஒலி மைதானத்தைக் கடந்து ரயில் பாதை வரை போயிருக்கும். நான் பல நாடுகளில் வாசித்தவர்களைக் கேட்டிருக்கிறேன். அதற்கு இணையாக ஒன்றை இன்னும் கேட்கவில்லை.

பூசாரி வேலியோரம் நின்றிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இடது கை நல்லா நிக்கிது வாத்தியாரே. அது எங்க ஊட்டுக் கை" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "வா, போலாம். வெளக்கு வெக்கணும்" என்றார். இருவரும் நடந்து போனார்கள். சரசுவதி எப்படி வந்தாரோ அப்படியே போனார்.

இவற்றையெல்லாம் அன்று பேருந்திலேயே மெர்சிக்குச் சொன்னேன். அவள் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

"சரசுவதியே மதம் மாற விரும்பியிருந்தால்?"

"விரும்பியிருந்தால் அவரே தம் தந்தையிடம் சொல்லியிருப்பார். என் வாக்கு என்னைக் கட்டுமே தவிர அவரைக் கட்டாது."

"அப்படியென்றால் அந்தத் தலைவர் சொன்னது உங்களைப் பொய்யர் என்று சொன்னதாகும்" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் இதைவிடச் சரியாகத் தமிழில் எவரும் சொல்லியிருக்க முடியாது.

பூசாரி இன்றும் இருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படித்துக் காட்ட ஊரில் ஆளுண்டு. அங்கே ஒருகாலத்தில் என்மீது பழியாகச் சொன்ன அதே சொல்லை இங்கே எனக்கு மாலையாகப் போடுகிறார்கள். பழியானாலும் மாலையானாலும் அது என்னுடையது அல்ல. ஆகவே, அந்த ஆங்கில இதழ் மதராஸை அடையுமுன் என் ஊரார் இதைத் தமிழில் படிக்கட்டும்.

பன்னிரண்டு பேர் என்பது தவறு. குழுவில் கிறிஸ்தவர் அல்லாதார் நால்வர். சரசுவதி மாங்காட்டுக் காமாட்சி சந்நிதியில் தாலி கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்துடன் அதே பள்ளியில் அதே குழுவை இன்று நடத்துகிறார். கன்னியப்பன் ஆடி மாதம் தவறாமல் வேப்பம்பட்டில் கூழ் ஊற்றுகிறார். மற்ற இருவரும் அப்படியே. மதம் மாறியவர் எவரும் இல்லை.